கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு: ஊக்க மருந்துகள் மூளையில் செயற்படும் விதம்

ஓயாமல் துள்ளும் குழந்தைக்கு ஊக்க மருந்தா எனப் பெற்றோர் தயங்குவது இயல்பே. இக்கோளாற்றுக்குத் தரப்படும் மெத்தில்பெனிடேட், குழந்தையை மயக்கி அடக்கும் மருந்தன்று.

மூளை நரம்பணுக்கள் டோபமின், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்களை வெளியிட்டுச் செய்தி கடத்துகின்றன. பின் அவற்றைத் தாமே விரைந்து மீள உறிஞ்சிக்கொள்கின்றன. மெத்தில்பெனிடேட் இந்த உறிஞ்சுதலைத் தடுப்பதால், அவை அணுக்களுக்கு இடையே சற்று நேரம் கூடுதலாகத் தங்குகின்றன. கவனத்தையும் தன்னடக்கத்தையும் ஆளும் முன்மூளைப் பகுதி இதனால் செம்மையாக இயங்குகிறது. மூளையின் 'கடிவாளம்' இறுகுவதாலேயே துள்ளல் தணிகிறது.

சாதாரண மாத்திரையின் விளைவு ஏறத்தாழ 4 மணி நேரமே நீடிக்கும். ஆதலால், பள்ளியில் அமைதியாக இருந்த குழந்தை மாலையில் பரபரப்பது மருந்து பயனற்றது என்பதற்கு அடையாளமாகாது. அதற்காக அளவைத் தாமாகக் கூட்டுதல் கூடாது.

பசியின்மை, தூக்கமின்மை, நாடித்துடிப்பு உயர்தல் ஆகியவை ஏற்படலாம். உயரம், எடை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை மருத்துவர் அவ்வப்போது அளப்பது இதனாலேயே. குழந்தைக்கு இதயநோய் இருப்பினும், குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருப்பினும் மருந்தைத் தொடங்கும் முன்பே தெரிவிக்கவும். நெஞ்சுவலியோ மயக்கமோ ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். குழந்தை களையிழந்து, பேச்சுக் குறைந்து காணப்பட்டால் அதை அமைதி எனக் கொள்ள வேண்டா. மருந்தின் அளவு மிகுந்திருக்கலாம், மருத்துவரிடம் கூறவும்.