ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும்போது உடல் அரிக்கிறதா? நீங்களே நிறுத்திடாதீங்க!

அரிப்புக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பதே பல நேரம் ஸ்டீராய்டுதான். அப்படியிருக்க, முடக்குவாதத்துக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்கு உடம்பு அரித்தால்? ‘மாத்திரை ஒத்துக்கல’ என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு. மெடிக்கலில் ஒரு ட்யூப் கேட்டு வாங்கித் தடவுபவர்களும் உண்டு. இரண்டுமே ஆபத்து.

மாத்திரைதான் காரணமா?

பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டே அலர்ஜியாவது அபூர்வம். அது எதிர்ப்பு சக்தியை அடக்குகிறது. அதனால்தான் மூட்டு வீக்கம் வத்துது, மூச்சிரைப்பு குறையுது. ஆனால் அந்த நேரம் பார்த்து பூஞ்சையும் சிரங்குப் பூச்சியும் தோலில் குடியேறிவிடும். ரத்தத்தில் சர்க்கரையும் ஏறலாம். சர்க்கரை ஏறினால் தொடை இடுக்கில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான். கூடவே சாப்பிடும் வேறு மாத்திரையோ, நோயோகூட அரிப்பைத் தரலாம்.

காரைக்காலுக்கு ஒரு பக்கம் கடல், மற்ற பக்கங்களில் டெல்டா வயல். புழுக்கத்தில் வியர்வை காயவே காயாது. படர்தாமரைக்கு இதைவிடத் தோதான இடம் வேண்டாம்.

ட்யூப் தடவினால் என்ன?

படர்தாமரை வழக்கமாக வட்டமாக, ஓரம் சிவந்து இருக்கும். ஸ்டீராய்டு கலந்த க்ரீமைத் தடவினால் சில நாளில் சிவப்பு மங்கும், அரிப்பும் அடங்கும். பூஞ்சை சாகாது, அடியில் பரவிக்கொண்டே இருக்கும். தடவுவதை விட்டதும் முன்பைவிட அகலமாகக் கிளம்பும். வட்டம் கலைந்து போவதால் டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போகலாம். மருத்துவ உலகம் இதை 1968-லேயே பதிவு செய்திருக்கிறது.

இந்தியாவில் ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றையும் ஒரே ட்யூபில் கலந்து விற்றது பெரிய தலைவலியானது. 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சீட்டு கேட்காத கடைகள் இன்னும் இருக்கத்தான் செய்கின்றன. வழக்கமான பூஞ்சை மாத்திரைக்கு அடங்காத ஒரு பூஞ்சை இனத்துக்கு 2020-ல் வைத்த பெயரிலேயே இந்தியா இருக்கிறது: ட்ரைக்கோஃபைட்டான் இன்டோடினியே.

ராத்திரி அரிப்பு, ஊரும் கோடு

ராத்திரியில் அரிப்பு கூடுதா? விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பைப் பாருங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அரித்தால் அது சிரங்காக இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். இல்லையென்றால் திரும்பத் திரும்ப ஒட்டும்.

இன்னொன்று அதிகம் பேசப்படாதது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களின் தோல் வழியாக ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற நுண்புழு உள்ளே போகலாம். ஆண்டுக்கணக்கில் குடலில் சத்தமில்லாமல் இருக்கும். ஸ்டீராய்டு தொடங்கியதும் பெருகி உயிருக்கே உலை வைக்கலாம். தோலில் அரிக்கும் கோடு ஒன்று மணிக்கு மணி இடம் மாறினால் தாமதிக்காதீங்க. நடவு, களை என்று சேற்றில் இறங்குபவர்கள், ஸ்டீராய்டு தொடங்கும் முன்பே டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுவது நல்லது.

ஏன் திடீரென நிறுத்தக் கூடாது?

சில வாரம் தொடர்ந்து சாப்பிட்டாலே, உடலுக்குள் இயற்கையாக ஸ்டீராய்டு சுரக்கும் அட்ரீனல் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொள்ளும். மாத்திரையைச் சட்டென விட்டால் சுரப்பியால் ஈடுகொடுக்க முடியாது. வாந்தி, தலைசுற்றல், கடும் சோர்வு, ரத்த அழுத்தம் சரிவது என நிலைமை அவசரப் பிரிவு வரை போகலாம். அளவைப் படிப்படியாகக் குறைப்பது டாக்டர் வேலை.

முகம், உதடு வீங்கி மூச்சு திணறினாலோ, காய்ச்சலோடு தோல் உரிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. மற்றபடி, மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் தோலைக் காட்டுங்கள். போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், தடவிய ட்யூபையும் கையோடு எடுத்துப் போங்க. ட்யூபை மறைக்காதீங்க, தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டுமா என்பதை டாக்டர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.