கடலூர் மாவட்டத்தில் நடுநிலைக் கல்வி: ஒரு சரித்திர ஒப்புநோக்கு

முன்னுரை

ஒரு மாவட்டத்தின் கல்வி நிலையை மாநிலத்தோடு ஒப்பிட முனைவோர் பெரும்பாலும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விகிதங்களையே எடுத்துக்கொள்கின்றனர். அவ்வரிசையில் விருதுநகர் மாவட்டம் பல்லாண்டுகள் முன்னணியில் நின்றதும், பழைய தென்னாற்காடு ஜில்லாவிலிருந்து பிரிந்த விழுப்புரமும் கடலூரும் நெடுங்காலம் பின்வரிசையில் இருந்ததும் யாவரும் அறிந்தவை. ஆயினும் பத்தாம் வகுப்பில் வெளிப்படும் குறை, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில், அதாவது கவனம் மிகக் குறைவாக விழும் நடுநிலைப் பருவத்தில் வேர்கொண்டது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஆதிக் காலம்

1822ஆம் ஆண்டில் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ நடத்திய விசாரணையில், ஏறக்குறைய 1 கோடியே 28 லட்சம் ஜனத்தொகைக்கு 12,498 பள்ளிகள் இருந்ததாகக் கணக்கிடப்பட்டது. திண்ணைப் பள்ளிகள் மலிந்திருந்த அக்காலத்தில், அவற்றில் பயின்ற பெண் குழந்தைகளின் தொகை மிகச் சொற்பம். தென்னாற்காட்டுப் பிரதேசமும் இதற்கு விலக்கன்று.

அதன் பின்னர் இந்த ஜில்லாவில் கல்வி ஸ்தாபனங்கள் தோன்றிய வேகம் வியப்புக்குரியது. சாதி வேற்றுமையைச் சபைக்குள் அனுமதிப்பது பற்றிய கொள்கைப் பூசலால் லைப்சிக் மிஷனை விட்டு விலகிய கார்ல் ஓக்ஸ் என்னும் பாதிரியார், 1860களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் தம் பணியைத் தொடங்கினார். டேனிஷ் மிஷன் அதனை ஏற்று நடத்தியது. ஏறக்குறைய அதே காலத்தில், 1864இல், யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1916இல் சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் பிள்ளைகளுக்காக அதே சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விச்சாலை கண்டார். 1921இல் பரங்கிப்பேட்டையில் ஆன் மரீ பீட்டர்சன் என்னும் டேனிஷ் அம்மையார் பெண்களுக்கென நிறுவிய சேவா மந்திரத்துக்குக் காந்தியடிகளே அடிக்கல் நாட்டினார். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் எழுந்தது. ஆரம்பக் கல்விக்கும் உயர்கல்விக்கும் இத்துணை முயற்சிகளைக் கண்ட ஒரு பிரதேசம் பின்தங்கியது ஏன் என்ற கேள்வி இங்கே இயல்பாகவே எழுகின்றது.

இரட்டைப் பாதை

இதற்கு விடை, நடுநிலைப் பருவம் நிர்வாகத்தில் பெற்ற இடத்தில் ஓரளவு கிடைக்கின்றது. 1920ஆம் ஆண்டின் சென்னை ஆரம்பக் கல்விச் சட்டத்திற்குப் பின்னும், இவ்வயதுப் பிள்ளைகளுக்கு இரு வேறு வழிகள் இருந்தன. பட்டணத்து உயர்நிலைப் பள்ளியில் முதல் பாரம் முதல் மூன்றாம் பாரம் வரை, அதாவது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, படித்த பிள்ளைக்கு மேற்படிப்பு கண்முன் தெரிந்தது. கிராமத்து உயர்தர ஆரம்பப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்து இ.எஸ்.எல்.சி. என்னும் ஆரம்பப் பள்ளி இறுதிச் சான்றிதழ்த் தேர்வெழுதிய பிள்ளைக்கோ அச்சான்றிதழே பெரும்பாலும் படிப்பின் முடிவாயிற்று. இன்றளவும் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் ஒரு பகுதி நடுநிலைப் பள்ளிகளில் தொடக்கக் கல்வித் துறையின் கீழும், மற்றொரு பகுதி உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பள்ளிக் கல்வித் துறையின் கீழும் நடைபெற்று வருதல், அப்பழைய பிரிவினையின் தொடர்ச்சியே ஆகும்.

காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் துணையோடு, ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்னும் நோக்கம் வகுக்கப்பட்டதும், 1956இல் மதிய உணவு தொடங்கியதும் மகத்தான அபிவிருத்திகள். ஆனால் தம்பிக்கு மூன்று மைல் மூன்று மைலாகவே இருக்க, பருவமெய்தும் வயதிலுள்ள அக்காவுக்கு அது வீட்டாரின் அச்சத்தால் பன்மடங்காகிவிடும் என்பதனைத் தூரக் கணக்கு காட்டாது. மேலும், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையைச் சுற்றிய கரும்பு வயல்களிலும், பண்ணுருட்டி வட்டாரத்து முந்திரித் தோப்புகளிலும் கூலி வேலைக்குச் செல்லும் குடும்பங்களில், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பன்னிரண்டு வயதுப் பெண்ணின் தலையிலேயே முதலில் விழும்.

ஒப்புநோக்கு

2011 ஜனத்தொகைக் கணக்கின்படி மாநிலத்தின் எழுத்தறிவு சுமார் 80 சதவீதம். கடலூர் மாவட்டத்தினுடையது சுமார் 78 சதவீதம். ஆண்களைப் பொறுத்தவரை மாவட்டத்திற்கும் மாநிலத்திற்கும் உள்ள இடைவெளி ஒரு சதவீதத்தையும் எட்டவில்லை. பெண்களிடையே மாநிலத்தில் சுமார் 73 சதவீதமாக இருந்தது, இங்கே சுமார் 70 சதவீதமே. எழுத்தறிவுக் கணக்கில் முதியோரும் அடங்குவர் ஆதலின் இது கடந்த தலைமுறைகளின் கடனையும் சேர்த்துக் காட்டுவதே. எனினும் மாவட்டத்தின் பின்னடைவு பெரும்பாலும் பெண்களின் பின்னடைவே என்பது இதனால் ஐயமின்றி விளங்கும்.

நடுநிலைப் பருவத்தை நேரே அளக்கும் கருவிகளோ நிலைபெறவில்லை. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்ற அறிவிப்பு 2019இல் வெளிவந்து, 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இளம் பிள்ளைகளைத் தேர்வால் வடிகட்டி வெளியேற்றாமல் விட்டமை நன்றே. தேசிய அடைவுத் தேர்வு 2017இலும் 2021இலும் எட்டாம் வகுப்பை மாவட்டவாரியாக ஆராய்ந்தது. 2024இலோ ஆறாம், ஒன்பதாம் வகுப்புகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஆகவே எட்டாம் வகுப்பின் நிலையை ஆண்டுதோறும் தொடர்ந்து காட்டும் ஓர் அளவுகோல் இல்லாது போயிற்று.

முடிவுரை

அண்மைக் காலத் திட்டங்களில் இப்பருவத்திற்குத் துணையாவனவும் உள. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி எட்டாம் வகுப்பு வரை எட்டியது. 2022இன் புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்ற பெண்ணுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வழங்குகின்றது. எனினும், அதே ஆண்டு தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றது. ஒரே நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புத் தங்கை உண்ண, ஆறாம் வகுப்பு அக்காள் வெறும் வயிற்றோடு அமரும் நிலை நீங்குதல் அவசியம். காலை உணவு எட்டாம் வகுப்பு வரை நீளவேண்டும். பிள்ளைகளை நிறுத்தி வைக்காத, ஆனால் அவர்கள் கற்றதை மாவட்டவாரியாக அறிவிக்கும் மதிப்பீடு எட்டாம் வகுப்பில் ஆண்டுதோறும் நிகழவேண்டும். எட்டிலிருந்து ஒன்பதுக்குச் செல்லாத ஒவ்வொரு பெண்ணின் பெயரும் கல்வி அலுவலரின் மேசையில் இருக்கவேண்டும். இம்மூன்றையும் அரசும் ஊராரும் கூடிச் செய்வார்களாயின், கடலூர் மாவட்டம் மாநிலத்தோடு சமநிலை எய்துவது உறுதி.