திண்டுக்கல் மழையும் கிளைஸ்ட்ரான் பெருக்கியும்

திண்டுக்கல் சமவெளிக்கு மேல் திரளும் மழையைக் கடற்கரையிலிருந்தே அளக்கும் தொலைவில் இருப்பது காரைக்கால் வானிலை ரேடார். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 210 கி.மீ. 10 செ.மீ. அலைநீளமுள்ள மைக்ரோவேவ் துடிப்பு அவ்வளவு தூரம் போய், மழைத்துளிகளில் பட்டு, மெலிந்து திரும்ப வேண்டும். அதற்கு நூற்றுக்கணக்கான கிலோவாட் உச்சத்திறன் தேவை.

இந்தத் திறனை முதலில் எளிதாகத் தந்தது மேக்னெட்ரான். 1940இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் அதன் உயர்திறன் வடிவத்தை உருவாக்கினர். இந்திய வானிலைத் துறை 1970இல் விசாகப்பட்டினத்திலும் 1973இல் சென்னையிலும் புயல் ரேடார்களை நிறுவியது. காரைக்காலுக்கு ரேடார் வந்தது பிறகுதான். எதிரொலியின் வலிமையை மட்டும் காட்டிய அந்தப் புயல் ரேடார்களால் காற்றின் வேகத்தைச் சொல்ல முடியவில்லை.

வேகத்தை அறிய, அடுத்தடுத்த எதிரொலிகளின் கட்டத்தை, அதாவது அலை தன் ஏற்ற இறக்கச் சுழற்சியில் எங்கே நிற்கிறது என்பதை, ஒப்பிட வேண்டும். நொடிக்கு 600 துடிப்புகள் அனுப்பும் ரேடாரை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் விலகிச் செல்லும் துளி, அடுத்த துடிப்புக்குள் 1 செ.மீ. நகர்ந்துவிடும். போய்வரும் பாதை 2 செ.மீ. நீளும், அலைநீளத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு. மேக்னெட்ரானோ ஒவ்வொரு துடிப்பையும் தன்போக்கில் ஏதோ ஒரு கட்டத்தில் தொடங்கும். அனுப்பிய கட்டத்தைப் பதிந்து கழித்துக்கொள்ள வழியுண்டு என்றாலும், பிழை முழுதும் நீங்காது.

கிளைஸ்ட்ரான் உண்மையான பெருக்கி. 1937இல் ஸ்டான்ஃபோர்டில் வேரியன் சகோதரர்கள் கண்டது. அதன் முதல் அறையில் நுழையும் சிறு சைகை, கற்றையிலுள்ள எலெக்ட்ரான்களில் சிலவற்றை விரைவுபடுத்தும், சிலவற்றைத் தாமதப்படுத்தும். போகப்போக அவை கொத்துக்கொத்தாகச் சேர்ந்து, கடைசி அறையில் தம் ஆற்றலை மைக்ரோவேவாகக் கொட்டும். உள்ளே வந்த கட்டத்தின் ஒழுங்கு குலையாமல் வெளியே வரும். அளவைக் கருவிக்கு இந்த ஒழுங்கு வெறும் வலிமையைவிட மேலானது. 2002இல் சென்னைத் துறைமுகத்தில் இயங்கத் தொடங்கிய, காற்றின் வேகத்தையும் அளக்கும் ஜெர்மன் டாப்ளர் ரேடாரில் இருந்தது கிளைஸ்ட்ரான்தான். பின்னர் காரைக்காலிலும் டாப்ளர் ரேடார் அமைந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், திண்டுக்கல் வட்டாரம் வழியாகவே மேற்கே நகர்ந்தது. காரைக்கால் ரேடார் அதைத் தொடர்ந்து கவனித்தது.

ஆனால் பூமியின் வளைவைப் பெருக்கியால் வெல்ல முடியாது. அரை பாகை ஏற்றத்தில் புறப்படும் கற்றை திண்டுக்கல்லை எட்டும்போது சுமார் 4.5 கி.மீ. உயரத்துக்குப் போய்விடும். ஒரு பாகை அகலக் கற்றை அங்கே 3.7 கி.மீ. விரிந்திருக்கும். திண்டுக்கல் அருகிலுள்ள சிறுமலைச் சரிவில் தாழப் படர்ந்து பெய்யும் மழை பெரும்பாலும் அதன் கீழே தப்பிவிடும். அந்த மழையின் கணக்கு தரையிலுள்ள மழைமானிகளிலிருந்தே கிடைக்கிறது.