சென்னிகுளத்திலிருந்து புறப்பட்ட சிந்து

காவடி தோளேறினால் காலும் நாக்கும் சேர்ந்தே ஆடும். காவடி எடுத்து மலைக்கோயிலுக்கு நடப்பவர்கள் அலுப்புத் தெரியாமலிருக்க வழிநடைச் சிந்து பாடுவது பழைய வழக்கம். அதை ஏட்டில் ஏறும் இலக்கியமாக்கியவர், சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் 1865-ல் பிறந்த அண்ணாமலை ரெட்டியார்.

படிப்பில் குறைந்தவரல்லர். திருவாவடுதுறை மடத்தில் உ.வே.சாமிநாதையரிடம் பாடம் கேட்டவர். சங்கரநாராயணர் மேல் திரிபந்தாதி, கோமதியம்மன் மேல் அந்தாதி என்று பண்டிதர்கள் மெச்சும் நூல்களை எழுதியவர். திருப்பம் ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் வடிவில் வந்தது. அவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்தபோது கூடவே நடந்த ரெட்டியார் வழியெல்லாம் பாடினார் என்பது செவிவழிச் செய்தி. மலையையும் கோயிலையும் சொல்லித் தொடங்கும் அந்தக் காவடிச் சிந்துகள் சீக்கிரமே காதலுக்குத் தாவிவிடும்: முருகனை நினைத்து ஏங்குகிற தலைவி, சுடுகிற நிலா, தூது போகிற தோழி.

ரெட்டியார் சிந்து பாடிய அதே 1880-களில், கியூபாவின் சாந்தியாகோ நகரில் பெப்பே சாஞ்செஸ் என்ற தையற்காரர் கிதாரோடு ‘பொலேரோ’ என்னும் காதல் பாட்டுக்கு உருக்கொடுத்துக்கொண்டிருந்தார். லத்தீன் காதல் பாடகர்களின் பரம்பரை அங்கேதான் தொடங்குகிறது. பொலேரோவைப் பின்னால் இசைத்தட்டும் வானொலியும் தூக்கிச் சென்றன. சிந்துக்குக் கிடைத்த வாகனம் காவடிதான்.

காவடியோ ஏற்கெனவே கப்பலேறியிருந்தது. 1860-லிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்கள் முருகனையும் கொண்டுபோனார்கள். ரெட்டியார் 26 வயதில், 1891-ல் மறைந்தார். மறு ஆண்டே மலேயாவின் பத்துமலையில் தைப்பூசம் தொடங்கியது.

ஊரில் போலிகளும் பெருகின. சென்னை குஜிலிக் கடைத்தெருப் பதிப்பாளர்கள் மலிவுப் புத்தகங்களில் வெள்ளச் சிந்து, கொலைச் சிந்து என்று விற்றுத் தள்ளினார்கள். முருகனுக்குப் பிறந்த நடை கொலைகாரனுக்கும் உதவியது! எட்டயபுரத்து பாரதி சிந்தைத் தேசத்துக்குப் பாட வைத்தார். கச்சேரி வித்வான்கள் அதைச் செஞ்சுருட்டி ராகத்தில் பாடிக் கடைசித் துக்கடாவாக்கினார்கள்.

ரெட்டியாரின் திரிபந்தாதியை இன்று தேடிப் படிப்பவர் சிலரே. புலவர்களுக்காக எழுதியது அலமாரியில் தங்கியது. நடப்பவர்களுக்காக எழுதியதுதான் அவர் பெயரை வாழவைத்திருக்கிறது.