கபபிளாங்காவை வென்ற சுல்தான் கான்

நம்மூர்ப் பிள்ளைகள் பலர் இப்போது போனில் செஸ் விளையாடுகிறார்கள். நல்ல விடயம். ஆனால் இரண்டு கதைகள் அடிக்கடி காதில் விழுகின்றன. “எங்களுக்குக் கோச் இல்லை சேர்.” “அவனுக்கு ஓப்பனிங் எல்லாம் பாடம் சேர், அவனை வெல்ல ஏலாது.” இவற்றுக்குப் பதிலாக ஒரு வரலாற்றைப் பகிர்கிறோம்.

மீர் சுல்தான் கான். இன்று பாகிஸ்தானில் உள்ள பஞ்சாப் பகுதியின் மித்தா திவானா என்ற ஊர்க்காரர். ஒன்பது வயதில் தந்தையிடம் செஸ் பழகினார். அது அன்றைய இந்திய முறை. அதில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். இன்றைய காஸ்லிங்கும் இல்லை. ஆட்டம் மெதுவாகத்தான் சூடுபிடிக்கும். எனவே அவருடைய பலம் ஓப்பனிங்கில் அல்ல, நடு ஆட்டத்திலும் இறுதி ஆட்டத்திலும் வளர்ந்தது.

சர் உமர் ஹயாத் கான் என்ற நிலப்பிரபு அவருக்குச் சர்வதேச விதிகளைக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். 1928இல் அகில இந்திய சம்பியன். 1929இல் அவருடனேயே லண்டன் பயணம். அங்கே பயிற்சிக்காக நடந்த சிறிய போட்டியில் கடைசி இடத்தைப் பகிர்ந்தார். காரணம் ஓப்பனிங் தெரியாமை. யேட்ஸ், வின்டர் என்ற இரு ஆங்கிலேய வீரர்கள் அவருடன் அமர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். அதே ஆண்டு பிரித்தானிய சம்பியன் பட்டம் அவருக்கு! 1932இலும் 1933இலும் மீண்டும் வென்றார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக சம்பியன் கபபிளாங்காவைத் தோற்கடித்தார். அதிரடித் தாக்குதலால் அல்ல. மெல்ல மெல்ல இடத்தை நெருக்கி. மூன்று ஒலிம்பியாட்களில் இங்கிலாந்தின் முதல் பலகை அவருடையது. இத்தனைக்கும் குளிர், மலேரியா, தொண்டை நோய் எல்லாம் அவரை வாட்டின.

அதே குழுவில் சென்ற பாத்திமா என்ற பெண், 1933இல் பிரித்தானிய மகளிர் சம்பியன் ஆனார் என்பதையும் பலர் அறிவதில்லை.

1933 இறுதியில் சர் உமர் நாடு திரும்பினார். சுல்தான் கானும் திரும்பினார். ஐந்து வருடத்துக்குள் அவரது சர்வதேச ஆட்டம் முடிந்துவிட்டது. 1950இல் கிராண்ட் மாஸ்டர் பட்டங்கள் வழங்கத் தொடங்கியபோதும் அவர் பெயர் இல்லை. 1966இல் காலமானார். பல நூல்கள் அவரை “வேலைக்காரன்” என்றே எழுதின. அதை அவரது குடும்பத்தினர் மறுத்திருக்கிறார்கள். 2024இல்தான் ஃபிடே அவருக்குக் கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் வழங்கியது. இறந்து 58 வருடங்களுக்குப் பிறகு.

நாம் யோசிக்க வேண்டியது இதுதான். அவருக்குத் திறமை குறையவில்லை. வாய்ப்பு ஒருவர் கையில் இருந்தது. அவர் போனதும் அதுவும் போனது. இன்று நம் பிள்ளைகளுக்குப் போனில் எதிராளி கிடைக்கிறான். ஆனால் தோற்ற ஆட்டத்தைத் திரும்ப வைத்து, எங்கே பிழைத்தோம் என்று கூடவே இருந்து பார்க்க ஒரு யேட்ஸும் ஒரு வின்டரும் வேண்டும். அதற்குப் பணக்காரர் தேவையில்லை. விளையாடத் தெரிந்த மூத்தவர்கள் வாரத்தில் ஒரு பின்னேரம், ஒரு பலகையோடு பாடசாலைக்கு வந்தால் போதும். பெண் பிள்ளைகளுக்கும் அந்த மேசையில் இடம் வைப்போம்.