அங்குலக் கணக்கு: டி.வி. பெட்டியும் உட்காரும் இடமும்

1

தொலைக்காட்சி பற்றி நமது சிறுபத்திரிகைகளில் வந்த விமர்சனங்களில் பெரும்பாலானவை திரையில் என்ன தெரிகிறது என்பதைப் பற்றியவை. ராமாயணம் காட்டி இந்துத்துவத்துக்கு வழி திறந்தார்கள், விளம்பரம் போட்டு நுகர்வுப் பசியைக் கிளப்பினார்கள், சீரியல் காட்டிப் பெண்களை அழ வைத்தார்கள். இதெல்லாம் சொல்லப்பட வேண்டியவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் திரைக்கு முன்னால் யார் உட்கார்ந்தார்கள், யார் நின்றார்கள், யார் வாசல்படியோடு நிறுத்தப்பட்டார்கள் என்று நாம் அவ்வளவாகக் கேட்கவில்லை. பிம்பத்தை வாசிக்கத் தெரிந்த நமக்குப் பெட்டியை வாசிக்கத் தோன்றவில்லை.

இன்றைக்கு 43 அங்குலம், 55 அங்குலம் என்று ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு திரை வந்து நிற்கிறது. மாதத் தவணையில் அதை வாங்கி மாட்டுகிற கூலிக் குடும்பத்தைப் பார்த்து, 'இருக்க வீடு ஒழுங்கா இல்ல, இவ்வளவு பெரிய டி.வி. ஒரு கேடா?' என்று கேட்கிற குரல் நமக்குப் பழக்கமானதுதான். பங்களாவைப் பார்த்து இந்தக் கேள்வி எழுவதில்லை. ஆகவே கேள்விக்குப் பின்னால் இருப்பது டி.வி. பற்றிய கவலை மட்டும்தானா என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. இந்தச் சந்தேகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

2

இந்த நாட்டில் ஒலிபரப்பு, ஒளிபரப்பு இரண்டுமே பொது இடத்தில் கேட்க, பார்க்க வேண்டிய ஒன்றாகத்தான் கணிசமான மக்களுக்கு அறிமுகமாயின. சென்னை மாநகராட்சி 1930இல் வானொலியை எடுத்து நடத்தியபோது கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டினார்கள். காற்று வாங்கப் போனவன் பாட்டும் கேட்டுவிட்டு வந்தான். 1959இல் தில்லியில் தொலைக்காட்சி தொடங்கியபோதும் சுற்றுவட்டாரத்தில் டெலிகிளப் என்று கூடிப் பார்க்கத்தான் ஏற்பாடு. 1975-76இல் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குப் படம் காட்டிய சோதனையிலும் ஊருக்கு ஒரு பெட்டி என்பதே கணக்கு. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. நமக்கு 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் வந்தது. பிற்பாடு இங்கேயும் பல ஊர்களில் பஞ்சாயத்து டி.வி. வைத்தார்கள். ஒரு சின்ன அறை, அதற்கொரு பூட்டு, சாவி ஒருத்தர் கையில்.

இந்தச் சாவியில்தான் விஷயம் இருக்கிறது. 'ஊருக்குப் பொது' என்று அரசாங்கக் காகிதம் சொல்லும். ஆனால் 'ஊர்' என்கிற சொல்லே நம் கிராமங்களில் சேரியைக் கழித்துவிட்டு மிச்சமிருப்பதன் பெயர். பொதுக் கிணறு எப்படிப் பொதுவாக இருந்ததோ, டீக்கடை பெஞ்சு எப்படிப் பொதுவாக இருந்ததோ, அப்படித்தான் பல இடங்களில் பொது டி.வி.யும் பொதுவாக இருந்தது. ஊர்த் தெருவில் டி.வி. அறை இருக்கும். காலனி ஆட்கள் வந்தால் கடைசியில் நின்று பார்க்கலாம். சண்டை சச்சரவு என்றால் அதுவும் கிடையாது. கூடிப் பார்த்த காலம் பொற்காலம், தனித்தனி டி.வி. வந்து சமூகம் சிதைந்துபோனது என்று ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் இந்தக் கடைசி வரிசையை எண்ணிப் பார்த்ததில்லை. கூட்டத்திற்குள்ளும் படிநிலை உண்டு. தரையில் யார், பெஞ்சில் யார், கதவுக்கு வெளியே யார் என்பது திரையில் படம் ஓடுவதற்கு முன்னமே முடிவாகிவிட்டிருந்தது.

3

1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தது. வெளிநாட்டிலிருந்து பெட்டிகளையும் உதிரி பாகங்களையும் கொண்டுவருவதில் அரசு தளர்வு காட்டியது. அதே 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்க, தூத்துக்குடி, ராமநாதபுரம் கரையோரத்தில் உயரமான குழாய் நட்டு, ஆன்டெனா கட்டி, பூஸ்டர் போட்டு அதைப் பிடித்தார்கள். சாலிடேர், டயனோரா என்று சென்னைக் கம்பெனிப் பெட்டிகள் நடுத்தர வர்க்க வீட்டுக் கூடங்களில் ஏறின. மரப்பெட்டிக்குள் வைத்து, தள்ளு கதவு போட்டு, அதற்கு ஒரு பூட்டும் போட்டு, மேலே பூ வேலை செய்த துணி விரித்திருப்பார்கள். ரேடியோவுக்குப் போலவே டி.வி.க்கும் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டணும். 80களின் நடுவில்தான் அது ஒழிந்தது.

அப்போதுதான் 'டி.வி. வீடு' என்று ஒன்று தெருவில் உண்டானது. வெள்ளிக்கிழமை ராத்திரி சினிமாப் பாட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தமிழ்ப் படம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் போய் நிற்பார்கள். வீட்டுக்காரம்மா நல்ல மனநிலையில் இருந்தால் தரையில் உட்காரலாம், இல்லையென்றால் ஜன்னல் கம்பிதான். சில வீடுகளில் பத்துப் பைசா, நாலணா வசூல் உண்டு. சில வீடுகளில் காசுக்குப் பதில் வேலை: தண்ணி எடுத்து ஊத்து, கடைக்குப் போய்ட்டு வா. விளம்பரம் வரும்போது கதவைச் சாத்துவார்கள், விருந்தாளி வந்தால் 'எல்லாரும் எழுந்து போங்க' என்பார்கள். போய்த்தான் ஆக வேண்டும். யார் யார் வீட்டு வாசல்வரை, யார் திண்ணைவரை, யார் கூடம்வரை வரலாம் என்று சாதி ஏற்கெனவே போட்டுவைத்திருந்த கோட்டின் மேலேயே டி.வி.யும் உட்கார்ந்தது. புதிய தொழில்நுட்பம் பழைய கோட்டை அழிக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது கோட்டுக்கு வெளிச்சம் போட்டுக் காட்டியது.

பெண்களின் கதை வேறு. சொந்த வீட்டு டி.வி.யையே அடுப்படியிலிருந்து காதால் பார்த்தவர்கள் அவர்கள். படத்தின் வசனமும் பாட்டும் தெரியும், முகம் தெரியாது. மதியச் சீரியலைப் பிற்பாடு அவ்வளவு இகழ்ந்தோமே, அதற்கு முன்னால் திரைக்கு நேர் எதிரே ஒரு பெண் தன்பாட்டுக்குக் கால் நீட்டி உட்கார்ந்த நேரம் அநேக வீடுகளில் இருந்ததே இல்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். சீரியலின் கருத்தியல் மோசமானதுதான். அந்த அரை மணி நேர உட்காரல் மோசமானதில்லை.

4

பெட்டியின் அர்த்தம் நம் விமர்சகர்களுக்குப் பிடிபடாமல் போயிருக்கலாம். வேறு சிலருக்கு அது மிகத் துல்லியமாகவே பிடிபட்டது.

1995 ஆகஸ்ட் 31 அன்று ஒட்டப்பிடாரம் பக்கமுள்ள கொடியங்குளத்துக்குள் சுமார் 600 போலீஸ்காரர்கள் புகுந்தார்கள். தலித் மக்களின் ஊர். வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்துப் பணம் அனுப்பியதால் கொஞ்சம் நிமிர்ந்திருந்த ஊர். வந்தவர்கள் ஆட்களை அடித்ததோடு நிற்கவில்லை. டி.வி., டேப் ரிக்கார்டர், மின்விசிறி, தையல் மெஷின், டிராக்டர் என்று பார்த்துப் பார்த்து உடைத்தார்கள். பாஸ்போர்ட்டுகளையும் படிப்புச் சான்றிதழ்களையும் கொளுத்தினார்கள். குற்றவாளியைத் தேடி வந்தவனுக்கு டி.வி.யை உடைக்க வேண்டிய அவசியம் என்ன? இந்தச் சாமான்கள் இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்பதுதான் அங்கே நிறைவேற்றப்பட்ட தீர்ப்பு.

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம் காலனியிலும் அதையொட்டிய கொண்டாம்பட்டி, அண்ணா நகர் குடியிருப்புகளிலும் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டன. காரணமாகச் சொல்லப்பட்டது ஒரு சாதி மறுப்புத் திருமணம். ஆனால் பீரோவை உடைத்தது, பைக்கைக் கொளுத்தியது, டி.வி.யை நொறுக்கியது எல்லாம் அந்தத் திருமணத்துக்குச் சம்பந்தமே இல்லாத வீடுகளிலும் நடந்தது. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்ச் சேர்த்த பணம் அது. பதினேழு வருட இடைவெளியில் இரண்டு சம்பவங்கள், ஒன்றில் காக்கி, ஒன்றில் சாதிக் கும்பல். உடைபட்ட சாமான்களின் பட்டியல் மட்டும் ஏறக்குறைய ஒன்றேதான்.

நாம் 'நுகர்வுக் கலாச்சாரம்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டுப் போன பெட்டியை, கட்டையோடு வந்தவன் மரியாதையின் அடையாளமாகச் சரியாக அடையாளம் கண்டான். இனி அடுத்தவன் ஜன்னலில் நிற்க மாட்டேன் என்று அந்தப் பெட்டி சொல்லிக்கொண்டிருந்தது அவன் காதில் விழுந்திருக்கிறது.

5

இந்தப் பின்னணியில் 2006ஐப் பார்க்க வேண்டும். இலவச வண்ணத் தொலைக்காட்சி என்று திமுக தேர்தல் அறிக்கையில் சொன்னது. ஆட்சிக்கு வந்து அந்த வருடம் செப்டம்பர் 15 அன்று திட்டத்தைத் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி. 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. எதிர்ப்பு பல திசைகளிலிருந்து வந்தது. ஓட்டுக்கு லஞ்சம் என்றார்கள், சோம்பேறி ஆக்குகிறார்கள் என்றார்கள், முதலமைச்சர் குடும்பத்துச் சேனலுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்றார்கள். கடைசிக் குற்றச்சாட்டில் விஷயம் இருந்தது. 1993இல் தொடங்கிய சன் டி.வி. அப்போது உச்சத்தில் இருந்தது, பெட்டி இலவசமென்றாலும் கேபிளுக்கு மாதாமாதம் காசு. 2007இல் குடும்பத்துக்குள் சண்டை மூண்டதும் அரசே கேபிள் நிறுவனம் தொடங்கியதையும், 2011இல் ஆட்சி மாறியதும் அதே நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுத்ததையும் சேர்த்துப் பார்த்தால், ஏழை வீட்டுத் திரை யார் யாருக்கு முதலீடாக இருந்தது என்பது விளங்கும்.

வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது, ஆனால் நியாயமான தேர்தலின் அடித்தளத்தை ஆட்டுகிறது என்று 2013 ஜூலையில் தீர்ப்பு. இடையில் சொல்லும் மாறிவிட்டது. 2011க்குப் பிறகு வந்த அதிமுக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தபோது 'இலவசம்' என்பதை விட்டு 'விலையில்லா' என்றது. வாங்குகிறவர் கூனிக் குறுகாமலிருக்க ஒரு சொல் தேவைப்பட்டது என்பதே, 'இலவசம்' என்ற சொல்லுக்குள் எவ்வளவு இளக்காரம் ஏறிப்போயிருந்தது என்பதற்குச் சாட்சி.

கொடுத்தவர்களின் நோக்கம் என்னவாகவும் இருக்கட்டும். விளைவு ஒன்றை யாரும் எழுதவில்லை. அந்த ஐந்து வருடங்களில் தமிழ்நாட்டின் ஏராளமான தெருக்களில் 'டி.வி. வீடு' ஒழிந்தது. அடுத்த வீட்டு ஜன்னலில் தொங்கிய கடைசித் தலைமுறைப் பிள்ளைகள் இறங்கி வீட்டுக்குப் போனார்கள். பண்ணை வீட்டு வாசலில் படம் பார்ப்பதற்காகச் செய்த சில்லறை வேலைகள் நின்றன. சமத்துவம் வந்துவிட்டது என்று இதற்குப் பெயர் வைக்க முடியாது. ஒரு சின்ன அவமானம் முடிந்தது. அவமானங்களின் வரலாறு எழுதுகிறவர்கள் சின்னது முடிந்ததையும் குறித்துக்கொள்ள வேண்டும். 2020இல் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது, ஸ்மார்ட்போன் வாங்க வழியில்லாத பிள்ளைகளுக்குக் கல்வித் தொலைக்காட்சி வழியாகப் பாடம் வந்து சேர்ந்ததும் டி.வி. பெட்டியில்தான்.

6

இனி பெரிய திரை. பழைய பிக்சர் டியூப் பெட்டி பெரிதாகப் பெரிதாகப் பின்பக்கமும் நீளும், கனமும் ஏறும். 29 அங்குலப் பெட்டியை ரெண்டு ஆள் பிடித்துத்தான் தூக்கணும், வைக்க மேசை வேண்டும், மேசை வைக்கக் கூடம் வேண்டும். அதனால் பெரிய திரை பெரிய வீட்டுக்கே உரியதாயிருந்தது. தட்டைத் திரை வந்து இந்த விதியை உடைத்தது. சுவரில் ஆணி அடிக்க முடிந்தால் போதும். 14 அங்குலப் பெட்டியின் பரப்போடு ஒப்பிட்டால் 43 அங்குலம் எட்டு மடங்குக்கு மேல், 55 அங்குலம் பதிமூன்று மடங்குக்கு மேல். வீடு மட்டும் அதே பத்துக்குப் பத்து. சாய்ந்து உட்காரப் பின்னால் இடமில்லை, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு பார்க்கிறார்கள். கொடுத்த காசுக்கு ஒரு அங்குலம்கூட கறுப்பாகக் கிடக்கக் கூடாது என்று பழைய படத்தை இழுத்து நிரப்ப, எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் குண்டாகி ஆடுகிறார்கள். சிரிக்கலாம்தான். ஆனால் முழுத் திரையையும் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. தவணை முழுசாகத்தானே கட்டுகிறார்கள்.

அரசாங்கமும் அங்குலத்தை வைத்துத்தான் மனிதரை அளக்கிறது. ஏழைக்கு 14 என்று 2006இல் மாநில அரசு முடிவு செய்தது. எதுவரை அவசியம், எதற்கு மேல் ஆடம்பரம் என்று ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு செய்தது. 2018 ஜூலையில் 27 அங்குலம்வரை 18 சதவீதம், அதற்கு மேல் 28. 2019 ஜனவரியில் கோடு 32க்கு நகர்ந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் கோடே இல்லை, எல்லாத் திரைக்கும் 18. ஏழு வருடத்தில் ஆடம்பரம் அவசியமாகிவிட்டது. இது மக்கள் மீதுள்ள அக்கறை என்று நம்ப வேண்டியதில்லை, சந்தைக்குச் சரக்கு போக வேண்டும். ஆனால் 'இவங்களுக்கு இது போதும்' என்று போடப்படும் எந்தக் கோடும் நிலையானதில்லை என்பதற்கு இந்த வரிக் கணக்கே ஆதாரம்.

தவணையைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. முன்பணம் இல்லை, வட்டி இல்லை என்று கடையில் கையெழுத்து வாங்குகிறார்கள். ஒரு மாதம் கூலி தவறினால் அபராதம், அதற்கு மேல் வசூல் ஆள் வாசலில். ஜன்னலில் நின்ற அவமானத்திலிருந்து தப்பித்து வந்தவரை அவருடைய வாசலிலேயே நிற்க வைத்துக் கேள்வி கேட்கிற புதிய ஏற்பாடு இது. குழுக் கடன் என்றால் பதில் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் பெண். நம்முடைய கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான். திரையின் அளவைக் கேலி செய்கிற நாம் வட்டியின் அளவை விசாரிப்பதில்லை.

இன்னொன்றும் நடந்துகொண்டிருக்கிறது. சுவரில் 55 அங்குலம் ஓடிக்கொண்டிருக்க, வீட்டில் ஆளுக்கொரு செல்போனைக் குனிந்து பார்க்கிறார்கள். பெரிய திரையைப் பார்க்க ஆளில்லை. அப்படியானால் எதற்கு வாங்கினார்கள் என்று கேட்கலாம். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான். ஒரு காலத்தில் யார் வீட்டு வாசலைத் தாண்ட முடியவில்லையோ, அவர்களும் வந்து பார்க்கட்டும், நாற்காலி போட்டு உட்காரட்டும் என்றும்தான். வருவார்களா, வந்தால் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடிப்பார்களா என்பதற்கு எந்த அங்குலத்திலும் பதில் கிடையாது. டி.வி. வாங்குவதால் தீண்டாமை போகாது. ஆனால் தீண்டாமை இருக்கிற ஊரில் டி.வி. வாங்குவதை வெறும் வாங்குதல் என்று எழுதிவிட்டுப் போக நமக்கு உரிமை இல்லை.