பழைய வில்லா, புது வில்லா? ஒரு சின்ன வரலாறு

கையில் காசு குறைவு, ஆனால் வில் வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா, புதுசுதான் வாங்கணுமா? நேற்று வந்த கேள்வி மாதிரி தெரியும், ஆனால் இதற்கான பதில் பல நூறு வருடத்துக்கு முன்பே இருக்கிறது. காமர்ஸ் படிப்பவர்களுக்கு எளிதில் புரியும். வில்லில் ஒரு பாகம் நிலையான சொத்து, இன்னொரு பாகம் தேய்ந்து தீரும் சரக்கு.

ஒட்டோமான் துருக்கியரைப் பாருங்கள். மரம், கொம்பு, விலங்கின் தசைநார் மூன்றையும் பசையால் ஒட்டி வில் செய்தார்கள். அது காய்ந்து தயாராக ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். பத்திரமாக வைத்திருந்தால் அப்பாவின் வில்லை மகனும் பிடிக்கலாம். நாண் அப்படியல்ல, தேய்ந்தால் மாற்றியே ஆகவேண்டும். அந்த நாணை எதில் திரித்தார்கள் தெரியுமா? பட்டு நூலில்! எங்கள் ஆரணியில் புடவையாகிற பட்டு, அங்கே அம்பு விட்டது :)

நம் நாட்டுக்கு வருவோம். 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வேட்டைக்குக் கதவடைத்துவிட்டன. வில் இன்று விளையாட்டுக்குத்தான். ராஜஸ்தான் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த லிம்பா ராம் சிறுவயதில் மூங்கில் வில்லால் பறவை வேட்டையாடியவர். 1988-ல் சியோல் ஒலிம்பிக்குக்கே போனார். ராஞ்சிப் பக்கத்து ஆட்டோ ஓட்டுநரின் மகள் தீபிகா குமாரி தொடங்கியதும் மூங்கில் வில்லில்தான். 2006-ல் ஜாம்ஷெட்பூர் டாடா அகாடமியில் சேர்ந்த பிறகுதான் முறையான கருவிகள் கைக்கு வந்தன. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கம்! திறமை மூங்கிலிலேயே இருந்தது, கருவி வாங்கத்தான் ஆள் தேவைப்பட்டது. அகாடமி கிடைக்காத பிள்ளைக்குப் பழைய வில்தான் கதவு.

ஆனால் எந்தப் பழைய வில்? ஒலிம்பிக்கில் இதுவரை பார்த்த ரீகர்வ் வில்லில் நடுவில் பிடிக்கும் உலோகப் பாகம் பல வருடம் உழைக்கும். மேலும் கீழும் வளையும் 'லிம்ப்'பைத் தனியாக வாங்கி மாட்டலாம். பல கம்பெனிகளுக்குப் பொது அளவும் உண்டு. எனவே பிடி பழசு, லிம்ப் பலத்துக்கு ஏற்றது, நாண் புதுசு என்று கலந்து வாங்கினால் செலவு குறையும்.

கப்பி வைத்த காம்பவுண்ட் வில் கதை வேறு. அமெரிக்காவின் ஹோலிஸ் ஆலன் 1966-ல் விண்ணப்பித்து 1969-ல் காப்புரிமை பெற்றது அது. புது மாடல் வந்ததும் பழையதன் விலை சரியும், அதாவது நம் பாடத்தில் வரும் தேய்மானம். ஆனால் அதன் லிம்ப் சும்மா மாட்டி வைத்திருக்கும்போதும் இறுக்கத்திலேயே இருக்கும். அம்பு வைக்காமல் யாராவது ஒருமுறை இழுத்து விட்டிருந்தாலே விரிசல் விழலாம். நாணை மாற்றவும் தனிக் கருவி வேண்டும். விவரம் தெரிந்தவர் பார்க்காமல் வாங்காதீர்கள்.

சொத்தைப் பழசாக வாங்கலாம், தேய்கிற சரக்கைப் புதுசாக வாங்குங்கள். துருக்கிக்காரன் பட்டு நாணை மாற்றியபோது போட்ட கணக்கும் இதுதான்.